குழிகள் குறையக் கூடாதே

தன் காலின் பின்பக்கத்தைத் தானே பார்த்தவர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள். முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். கையைப் பார்க்கிறோம். வயிற்றை, வேண்டாம் என்றாலும் பார்க்க வேண்டியிருக்கிறது. முழங்காலுக்குப் பின்னாலும் அதற்கு மேலேயும் என்ன நிலவரம் என்று யாரும் போய் விசாரிப்பதில்லை. என் மனைவியும் ஐம்பது வயது தாண்டும்வரை விசாரிக்கவில்லை.

போன வருஷம் அவளுடைய அக்கா பிரான்சிலிருந்து லீவுக்கு வந்திருந்தார். தங்கையை ஒரு நாள் கடற்கரை ரிசார்ட்டுக்கு அழைத்துப்போனார். தன்னுடைய அரைக்கால் சட்டை ஒன்றைக் கொடுத்து மாட்டச் சொல்லி, நீச்சல் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறக்கிவிட்டார். இவள் படியேறி வெளியே வரும்போது அக்கா பின்னால் நின்று ஒரு போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் காப்பி வாசனை இல்லை. மனைவி நாற்காலியில் உட்கார்ந்து போனில் அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொண்டிருந்தாள். என்னிடம் நீட்டி, இது யார் கால் என்று கேட்டாள். நான் உண்மையாகவே அக்காவின் கால் என்று நினைத்து, அப்படியே சொல்லிவிட்டேன். சொன்னதும் பக்கத்தில் இருந்த அக்காவின் முகமும் மாறியது, இவள் முகமும் மாறியது. ஒரே பதிலில் இரண்டு பேரைக் கோபப்படுத்துகிற திறமை எனக்குப் பழையது.

தொடையின் பின்பக்கம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். அக்கா அதற்குப் பிரெஞ்சுக்காரர் சொல்வது போல ‘செல்லுலித்’ என்று பெயர் சொன்னார். நான் ஏதோ வியாதி என்று பயந்தேன். வியாதி இல்லையாம். தோலுக்குக் கீழே இருக்கிற கொழுப்பு மேலே தள்ளுமாம், நார் கீழே இழுக்குமாம், அதனால் வருகிற பள்ளமாம். பெண்களில் பெரும்பாலோருக்கு இருக்குமாம். அங்கே அழகு நிலையங்களில் இதற்கென்றே பெண்கள் தோலைக் கையால் கிள்ளிப் பிடித்து உருட்டி உருட்டி விடுவார்களாம். நாள் முழுக்கச் செய்து அவர்களுக்குக் கை வலி வந்ததால், உறிஞ்சி இழுத்து உருட்டுகிற மெஷின் வந்ததாம்.

எனக்கு இது புரிந்ததற்குக் காரணம் என் வேலை. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருக்கிறேன். வார்த்த சாமானில் தடிமனான இடம் மெதுவாக ஆறும். ஆறும்போது உள்ளே இழுத்து மேல் பரப்பில் குழி விழும். அதற்கு ‘சிங்க் மார்க்’ என்று பெயர். ட்யூப் லைட்டுக்குக் கீழே சாமானைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். குழி இருந்தால் தனியாக எடுத்துச் சிவப்புக் கூடையில் போட்டுவிடுவோம். விஷயம் தெரிந்த சந்தோஷத்தில் இதையெல்லாம் என் மனைவியிடம் விவரமாகச் சொன்னேன். சிவப்புக் கூடை வரைக்கும் சொன்னேன். அன்று ராத்திரி சோற்றை நானே போட்டுக்கொள்ளும்படி ஆனது.

மறுநாள் சமாதானமாகப் பேசுவதாக நினைத்து, புடவையும் சுடிதாரும்தானே கட்டுகிறாய், யார் பார்க்கப் போகிறார்கள் என்றேன்.

“நான் பாத்துட்டன்ல” என்றாள்.

அக்கா, பழைய பிரெஞ்சு வீடுகள் இருக்கிற ஒயிட் டவுனில் ஒரு ஸ்பாவில் நேரம் வாங்கிக் கொடுத்தார். நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மஞ்சள் சுவர், வாசலில் காகிதப்பூக் கொடி, உள்ளே இருட்டு, புல்லாங்குழல் சத்தம். ஒரு மணி நேரம் கழித்து வெளியே வந்தவள் முகத்தில் ஒரு தெளிவும் இல்லை. அந்தப் பெண் நன்றாகத்தான் செய்தாளாம். வலியும் இல்லையாம். ஆனால் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உதட்டில் விரல் வைத்துவிட்டாளாம். அங்கே ஓய்வாக, அமைதியாகப் படுத்திருக்க வேண்டுமாம். ஒரு மணி நேரம் பேசாமல் குப்புறப் படுத்திருந்ததில் இவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. காலுக்கு வைத்தியம் பண்ணப் போய்த் தலைவலியோடு வருவது இவளுக்கு மட்டுமே வாய்க்கும்.

இனிமேல் ஸ்பா வேண்டாம் என்று முடிவானது. அக்கா ஊருக்குத் திரும்பியதும், அங்கிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் மூலம் வீட்டில் வைத்துச் செய்கிற மெஷின் ஒன்றை அனுப்பிவைத்தார். இஸ்திரிப் பெட்டியில் பாதி அளவு. அடியில் ஒரு கிண்ணம், கிண்ணத்துக்குள் இரண்டு உருளை, மேலே ஒன்று முதல் நான்கு வரை திருகுகிற குமிழ். முடுக்கினால் பக்கத்து வீட்டு மிக்சி மாதிரி சத்தம் வரும். கிண்ணம் தோலை உள்ளே உறிஞ்சிப் பிடிக்க, உருளைகள் அதை உருட்டிக்கொண்டே போகும். எங்கள் வீட்டில் அதற்கு ‘உறிஞ்சி’ என்று பெயர் வைத்தோம்.

எல்லாம் சரி, தன் தொடையின் பின்பக்கத்துக்குத் தன் கை எட்டாது. யாராவது பிடித்து ஓட்ட வேண்டும். மகள் ஐதராபாத்தில் வேலையில் இருக்கிறாள். வீட்டில் மிச்சம் இருப்பவன் நான் ஒருவன்தான்.

அந்தச் சமயம் எங்கள் வீடு எப்படி இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். சண்டை ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்களுக்குள் இருந்த பேச்சு, கேஸ் சொல்லியாச்சா, மோட்டார் போட்டாச்சா, சாவி எங்கே என்ற அளவில் நின்றிருந்தது. சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் முத்தியால்பேட்டையில் வந்து இறங்குவேன். அவள் சீரியல் பார்ப்பாள். நான் பால்கனியில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பேன். தெருவில் பார்க்க ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்ப்பேன். இதில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் சாயந்திரம் கட்டிலில் பழைய பெட்ஷீட் ஒன்றை விரித்துக் குப்புறப் படுத்தாள். அக்கா கூடவே அனுப்பிய எண்ணெயைக் கொஞ்சம் தடவிவிட்டு உறிஞ்சியை வைத்தேன். வைத்ததும் சிரிக்க ஆரம்பித்தாள். கூச்சம். எடுத்தால் நின்றுவிடும், வைத்தால் மறுபடியும் சிரிப்பு. கட்டிலே ஆடியது. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது. நானும் சிரித்தேன். கூச்சம் தெரியாமலிருக்க ஏதாவது பேசு என்றேன். தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அவள் பேச ஆரம்பித்தாள்.

அப்படி ஆரம்பித்ததுதான். முகம் பார்க்காமல் பேசுவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது போலிருக்கிறது. சின்ன வயசில் அக்காவும் அவளும் ஒரே ஜோடிக் கொலுசை ஆளுக்கு ஒரு காலில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனது, அவர்கள் அப்பா மாதாகோயில் தெருவிலிருந்து ரொட்டி வாங்கி வந்து டீயில் தோய்த்துச் சாப்பிடக் கற்றுக்கொடுத்தது, அக்காவுக்குப் பிரெஞ்சு மாப்பிள்ளை, அதாவது பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள எங்கள் ஊர்ப் பையன், கிடைத்ததும் தெருவே அவர்கள் வீட்டைத் திரும்பிப் பார்த்தது, இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்று வந்தது. இத்தனை வருஷம் கூடவே இருந்தும் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

எனக்கு அந்த அரை மணி நேரம் பிடித்துப்போனது. பஸ்ஸில் வரும்போதே நேற்று எதில் விட்டாள் என்று யோசித்துக்கொண்டு வருவேன். சத்தம் குறைவாக இருந்தால்தான் கதை கேட்கும் என்பதால், குமிழை ஒன்றிலேயே வைத்திருந்தேன். அவளுக்கு அந்தக் காரணம் தெரியாது.

கூடவே ஒரு கவலையும் வந்தது. மெஷினோடு வந்த புத்தகத்தில் சில வாரங்களில் பலன் தெரியும் என்று போட்டிருந்தது. குழி குறைந்துவிட்டால் இதுவும் நின்றுவிடும். அப்புறம் அவள் சீரியலுக்குப் போய்விடுவாள், நான் பால்கனிக்குப் போய்விடுவேன். வாழ்நாள் முழுக்கக் குழி விழுந்த சாமானைத் தள்ளிவிடுவதே வேலையாக இருந்தவன், இந்தக் குழி மட்டும் போகக் கூடாதே என்று சாமியை வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன்.

இந்த நிலைமையில்தான் அவள் தன்னை ஒருவன் பெண் பார்க்க வந்த கதையைத் தொடங்கினாள். என்னைச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் வந்தவன். அக்காவைப் போலவே இவளுக்கும் பிரான்சிலிருந்து ஒரு வரன் வந்தது, அது நின்றுபோனது என்று மட்டும் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் யாராவது கேலியாக ஒரு வார்த்தை சொல்வார்கள், உடனே பேச்சை மாற்றிவிடுவார்கள். பிரெஞ்சு மாப்பிள்ளை வேண்டாம் என்று சொல்கிற வீடு எங்கள் பக்கம் அன்றைக்கு இருந்ததில்லை. அதனால் அவன்தான் இவளை வேண்டாம் என்று சொல்லியிருப்பான் என்று நானாகவே முடிவு பண்ணி, கேட்டால் வருத்தப்படுவாளோ என்று வாயைத் திறந்ததில்லை.

அன்றைக்குப் பார்த்து அக்கா காலையில் போனில் திட்டியிருந்தார். இத்தனை நாள் ஒன்றில் வைத்துக்கொண்டிருந்தால் என்ன பலன் தெரியும், மூன்றில் வைக்கச் சொல் என்று. மூன்றில் வைத்தேன். உறிஞ்சி நாய் உறுமுவது போல் உறுமியது. அந்தச் சத்தத்துக்கு மேல் அவள் கதை சொன்னாள். மாப்பிள்ளை கோட்டு போட்டு வந்தானாம், வெயிலில் வேர்த்துக் கொட்டியதாம், கழற்றவில்லையாம். இவள் காப்பி கொண்டுபோய் வைத்தாளாம். அவன் காப்பியையும் தொடவில்லை, வாயையும் திறக்கவில்லை. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டதாம். அப்போது அவன் தன் அம்மாவின் காதில் என்னவோ சொன்னானாம்.

நான் கேட்டுக்கொண்டே நின்றுவிட்டேன். உறிஞ்சியும் என்னோடு ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவள் ஆ என்று கத்தியபிறகுதான் எடுத்தேன். முழங்காலுக்கு மேலே வட்டமாக, கத்திரிக்காய் நிறத்தில் ஒரு தடம். பதற்றத்தில் அடுத்த காலில் வைத்ததிலும் ஒன்று. அன்றைய கதை அதோடு முடிந்தது.

அந்தத் தடங்கள் மறைவதற்குள் அவளுக்கு முட்டி வலிக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டிய நாள் வந்தது. இளம் வயதுப் பெண் டாக்டர். சுடிதாரைக் கொஞ்சம் மேலே தூக்கச் சொல்லி முட்டியைப் பார்த்தவர், தடத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். சார், நீங்க கொஞ்சம் வெளியில இருங்க என்றார். குரல் மரியாதையாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற நர்ஸ் கதவைத் திறந்து பிடித்த விதத்தில் மரியாதை இல்லை.

வெளியே இரும்பு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என்னையே பார்ப்பது போலிருந்தது. பெண்டாட்டியை அடிப்பவன் என்று நெற்றியில் எழுதி ஒட்டிவிட்ட மாதிரி வேர்த்தது. ரொம்ப நேரம் கழித்து உள்ளே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. மூன்று பெண்களின் சிரிப்பு. நர்ஸ் வந்து என்னைக் கூப்பிட்டபோது அவர் கண்ணில் தண்ணீர் நின்றது.

“ஒரே எடத்துல வெச்சிக்கினு நிக்காதீங்க சார். கதை கேட்டாலும் கை ஓடிக்கினே இருக்கணும்” என்றார் டாக்டர்.

ஸ்கூட்டரில் வரும்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது. தடம் எப்படி வந்தது என்று இவள் சொல்ல, அப்படி மறந்து நிற்கிற அளவுக்கு என்ன கதை என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவள் முழுக்கதையையும் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிட்டாள். முடிவு டாக்டருக்குத் தெரியும், நர்ஸுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது. எனக்கும் அப்படியே சுருக்கமாகச் சொல்லேன் என்றேன். வரும்போது வரும், உங்களுக்கு என்ன அவசரம் என்று முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். தடம் போகிற வரைக்கும் உறிஞ்சிக்கு லீவு என்றும் சொல்லிவிட்டாள்.

தடம் போனது. மறுபடி தொடங்கலாம் என்று நான் ஆவலாக இருந்தபோது அக்கா வேறு மாதிரி ஆரம்பித்தார். இத்தனை வாரம் செய்ததற்குப் பலன் என்ன என்று பார்க்க வேண்டாமா, போட்டோ எடுத்து அனுப்பு, பழைய படத்தோடு வைத்துப் பார்க்கலாம் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, இவள் என்னைப் படம் எடுக்கச் சொன்னாள். என் போனில் எடுத்துக் கொடுத்தேன். பலன் என்ன என்று எனக்குத் தெரியும். என் உள்ளங்கைக்கு நன்றாகவே தெரியும். குழிகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. அதனால் நான் நிம்மதியாக இருந்தேன்.

அவள் படத்தைப் பார்த்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அப்புறம் போனை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். படத்தில் ஒரு குழி இல்லை. வாழைத்தண்டு மாதிரி வழுவழுவென்று இருந்தது கால்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. வெளிச்சம் நேராக விழுந்ததால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனியிலும் நேர் வெளிச்சத்தில் குழி தெரியாது. அக்கா வீடியோவில் வந்து கை தட்டினார். வுவாலா, இதோ பார், நான் சொன்னேன் இல்லையா என்றார். இவள் சந்தோஷத்தில் மட்டன் விந்தாலு வைத்தாள். வீடு முழுக்க வினிகரும் பூண்டும் மணத்தது. பாட்டு ஒன்றை முனகிக்கொண்டே பரிமாறினாள். இந்த முகத்தைப் பார்த்து, இல்லை, ஒன்றும் குறையவில்லை என்று எப்படிச் சொல்வது? அவள் சந்தோஷம் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை.

மறுநாளே உறிஞ்சியைத் துடைத்துப் பெட்டியில் வைத்து, கீழ் வீட்டு டீச்சரிடம் கொடுத்துவிட்டாள். டீச்சர் அதை எடுத்துக்கொண்டு லீவுக்கு அம்மா வீட்டுக்குக் கடலூர் போய்விட்டார். எங்கள் வீட்டுச் சாயந்திரம் பழையபடி ஆனது. சீரியல் ஓடியது. நான் பால்கனியில் உட்கார்ந்தேன். தெருவில் இப்போதும் பார்க்க ஒன்றும் இல்லை. அதை இந்த முறை என்னால் தாங்க முடியவில்லை. காப்பி ஆறிப்போய், கோட்டு போட்டவன் தன் அம்மாவின் காதில் குனிந்தபடியே என் மண்டைக்குள் நின்றுகொண்டிருந்தான்.

அப்புறம் கேட்டாலும் அவள் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அடுப்பில் வேலை இருக்கும், போன் வரும், விளம்பரம் முடிந்துவிடும். நேருக்கு நேர் உட்கார வைத்துக் கதை சொல் என்றால் வருகிற கதை அல்ல அது என்று எனக்கும் புரிந்தது.

அந்த வருஷ மழையில் எங்கள் வீட்டுக் கிழக்குச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. கடல் காற்றுக்கு எங்கள் பக்கம் சுவர்கள் அடிக்கடி இப்படிப் பண்ணும். மேஸ்திரிக்குப் போட்டோ எடுத்து அனுப்பினேன். உடனே போன் பண்ணினார்.

“செவுரு நல்லாத்தான கீது சார், எங்க வெரிசல்?” என்றார்.

போய்ச் சுவரைப் பார்த்தேன். விரிசலில் என் நகம் நுழைந்தது. போட்டோவைப் பார்த்தேன். நேற்றுப் பூசிய மாதிரி இருந்தது. விரிசல் இல்லை, ஈரக்கறை இல்லை, ஆணி அடித்த ஓட்டைகூட இல்லை. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. போன தடவை மகள் வந்தபோது, உங்க கேமரா எல்லார் மூஞ்சியையும் கருப்பா காட்டுதுப்பா என்று என் போனில் வேறு ஒரு கேமரா ஆப்பைப் போட்டுவிட்டுப் போயிருந்தாள். அது முகத்தை மட்டும் வழுவழுப்பாக்கவில்லை. கண்ணில் படுகிற எல்லாவற்றையும் வழுவழுப்பாக்கியது, சுவர் உள்பட.

இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு மனதாக இருந்தேன். சொன்னால் அவள் முகம் வாடும். சொல்லாவிட்டால் இந்தப் பால்கனிதான் கதி. நியாயம் தர்மம் என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை. எனக்குக் கதை வேண்டும், அந்த அரை மணி நேரம் வேண்டும். அவ்வளவுதான்.

சீரியலுக்கு விளம்பரம் வந்த நேரம் பார்த்து அவளைச் சுவர் முன்னால் கூட்டிப்போனேன். விரிசலைக் காட்டினேன். பிறகு போனில் அதே சுவரின் படத்தைக் காட்டினேன். சுவரைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். திரும்பவும் சுவரைப் பார்த்தாள். எனக்குச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

“அப்ப என்னுது?” என்றாள்.

“அதுவும் இந்தக் கேமராதான்.”

“கொறையலியா?”

“கொறையல.”

அவள் முகம் அப்படியே இறங்கியது. ஏன் வாயைத் திறந்தோம் என்றாகிவிட்டது. உங்களுக்கு எப்போதிருந்து தெரியும் என்று கேட்டாள். கைக்கு எப்போதும் தெரியும் என்றேன். அப்புறம் ஏன் செய்துகொண்டே இருந்தீர்கள் என்பது போல் என்னைப் பார்த்தாள். ஒரு பொய்யும் கிடைக்கவில்லை.

“கொறைஞ்சிட்டா நீ பேசறத நிறுத்திடுவியேன்னுதான்” என்றேன்.

அவள் உள்ளே போய்விட்டாள். நான் சுவரோடு நின்றேன். டி.வி.யில் விளம்பரம் முடிந்து சீரியல் தொடங்கியது. அவள் வந்து பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. அழுகிறாளோ என்று பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். பீரோவில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தம் வராமல் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். செவுத்துக்கும் எனக்கும் ஒரே மேக்கப்பு என்று சொல்லிவிட்டு மறுபடியும் சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் பழைய பெட்ஷீட்டை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். சமையலறைக்குப் போய்த் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். நான் முழித்தேன். உறிஞ்சிதான் கடலூர் போய்விட்டதே என்றேன்.

“அக்கா இன்னா சொன்னா? மொதல்ல கையாலதான பண்ணாங்க” என்றாள். “டி.வி.ய அணைச்சிட்டு வாங்க.”

அணைத்துவிட்டு வந்தேன். எண்ணெயைக் கையில் ஊற்றித் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டேன். மிக்சிச் சத்தம் இல்லாமல் அறை அமைதியாக இருந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, எதில் விட்டேன் என்று கேட்டாள்.

“காப்பி ஆறிடுச்சு. அவன் அம்மா காதுல என்னமோ சொன்னான்” என்றேன்.

இவ்வளவு நாளாகக் காத்திருந்த கதை கடைசியில் வந்தது. அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அவன் அம்மா, பெண்ணைக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கள், அங்கே குளிரில் நிறைய நடக்க வேண்டியிருக்கும், பிள்ளை பார்க்க வேண்டும் என்கிறான் என்றாராம். அறையில் எல்லாரும் இவள் காலைப் பார்த்தார்களாம். இவள் எழுந்தாளாம்.

“நடக்கத்தான சொன்னாங்க. நடந்தேன். கூடத்த தாண்டி, அடுப்படிய தாண்டி, தோட்டத்து வாசல் வழியா தெருவுல எறங்கிட்டேன். நிக்கவே இல்ல. சோலை நகர் கடக்கர வரைக்கும் நடந்துட்டேன், காலுல செருப்புகூட இல்ல.”

படகுகளுக்கு நடுவில் மணலில் உட்கார்ந்திருந்தாளாம். மாப்பிள்ளை வீட்டார் போனபிறகு அவள் அப்பா தேடிக்கொண்டு வந்தாராம். பிரெஞ்சு மாப்பிள்ளையைக் கைவிட்டவளுக்கு இன்றைக்கு அடிதான் என்று பயந்துகொண்டிருந்தாளாம். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாராம். மணல் சூடாக இருக்கிறதே, கால் சுடுகிறதா என்று கேட்டாராம். வேறு ஒன்றுமே கேட்கவில்லையாம். திரும்பி வரும்போது தன் செருப்பைக் கழற்றி இவளுக்குக் கொடுத்துவிட்டு அவர் வெறுங்காலோடு நடந்தாராம்.

என் கை நிற்கவில்லை. டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அடுத்த வருஷம் நான் வந்தபோது என்ன கேட்டேன் என்றேன்.

“நீங்க ஒண்ணும் கேக்கல. ரெண்டாவது காப்பி கேட்டீங்க” என்றாள். “அதான் புடிச்சிது.”

அன்றைக்கு ஒரு வீடே பார்த்திருக்க, யாருக்கும் நின்று காட்டாமல் கடல் வரைக்கும் நடந்துபோன கால் இது. அந்தக் கால்தான் இப்போது என் கையில் இருந்தது. ஒவ்வொரு குழியும் விரலில் பட்டது. ஒன்றுகூடக் குறையவில்லை என்று சாமிக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றி அடுத்த காலுக்கு வந்தேன்.

“அந்த ரெண்டாவது காப்பி கதைய சொல்லு” என்றேன்.